என் மருமகள் எழுதும் வளைவு

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகத்தான் வேண்டுமா?" இந்தக் கேள்வி எழாத வீடு இன்று அபூர்வம். கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. குழந்தை மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் போய் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்கிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "பாங்கில் வேலை", "கம்பெனியில் வேலை" என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது.

என் மருமகள் விஷயத்தில் என்னால் அப்படி முடித்துக்கொள்ள முடியவில்லை. அவள் மெக்கானிகல் டிப்ளமா படித்தவள். கோவையில் பம்ப்செட்டுக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு சிறிய தொழிற்சாலையில், சி.என்.சி. யந்திரத்துக்கு புரோகிராம் எழுதுகிறாள். 2024-ல் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். 2017-ல் திருத்திய சட்டப்படி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அந்த 26 வாரம் முடியப்போகிற சமயத்தில்தான் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது.

"ஏனுங்க அண்ணி, இரும்பு செதுக்கறதுக்கு ஊருல ஆம்பளைங்களே இல்லீங்களா? பச்சைக் குழந்தைய விட்டுப்போட்டு அவதான் போகோணுமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். என் மகனோ, "அம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று நழுவிவிட்டான். என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது நான். ஆகவே முடிவும் என் தலையில் வந்து விழுந்தது.

நான் உடனே சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்த வேலைக்காக என் மத்தியானத் தூக்கத்தை விடப் போகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? குழந்தை தூங்கிய ஒரு மத்தியானம் அவளையே கேட்டேன்.

"கண்ணு, நீ அங்க போய் அப்படி என்னதான் எழுதறே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பார்க்கலாம்."

அவள் யோசித்தாள். பிறகு, "அத்தை, உங்க கை வளையல்ல ஒண்ணு கழட்டிக் குடுங்க. ஒரு தாளும் பென்சிலும் வேணும்" என்றாள்.

வளையல் சொன்ன பாடம்

முதலில் யந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். மேஜை மாதிரி ஒரு பலகை. அதன்மேல் இரும்புத் தகட்டை இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள். மேலே கட்டர் என்கிற வெட்டும் கருவி சுழல்கிறது. முன்னெல்லாம் ஒரு ஆள் நின்று கைப்பிடியைச் சுற்றி அதை நகர்த்துவார். இப்போது எழுதிக் கொடுத்த எண்களைப் படித்து யந்திரமே நகர்த்திக்கொள்கிறது. தகட்டின் கீழ் இடது மூலையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு தூரம் என்பதற்கு எக்ஸ், மேல்பக்கம் எவ்வளவு என்பதற்கு ஒய். கதவு எண் மாதிரி, தகட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலாசம்.

நேராகப் போவதில் கஷ்டமே இல்லை. 'ஜி01' என்று எழுதி, போக வேண்டிய இடத்தின் விலாசத்தைக் கொடுத்தால் போதும். இரண்டு இடங்களுக்கு நடுவே நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். யந்திரத்துக்குச் சந்தேகம் வர இடமில்லை.

"வளைவுலதாங்க அத்தை சமாசாரமே இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளில் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்தாள். என் வளையல் இரண்டே ஆறு அளவு. உள்விட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். அதன் உள் விளிம்பு இரண்டு புள்ளிகளையும் தொடுகிற மாதிரி வைக்கச் சொன்னாள். வைத்தேன். வளையல் புள்ளிகளுக்கு மேற்பக்கமாக உட்கார்ந்தது. "இப்ப கீழ்ப்பக்கமா வையுங்க" என்றாள். அப்படியும் சரியாக உட்கார்ந்தது!

ஆக, வளையல் உட்கார இரண்டு விதம். ஒவ்வொரு விதத்திலும் ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்குக் குறுக்கு வழியாகவும் போகலாம், சுற்று வழியாகவும் போகலாம். மொத்தம் நான்கு வழிகள்! நான்கும் அதே இரண்டு புள்ளிகள், அதே வளையல். "இங்கிருந்து அங்கே வளைந்து போ" என்று மட்டும் சொன்னால் பாவம், யந்திரம் எந்த வழியில் போகும்?

அதனால் முதலில் திசையைச் சொல்ல வேண்டும். கடிகார முள் போகிற திசை என்றால் ஜி02. அதற்கு எதிர்த்திசை என்றால் ஜி03. அதைச் சொன்னதுமே நான்கில் இரண்டு வழிகள் கழிந்துவிடுகின்றன. மீதி இரண்டில் ஒன்று குறுக்கு வழி, மற்றது சுற்று வழி. ஆர் என்று எழுதி, பக்கத்தில் ரேடியஸ் எவ்வளவு என்று கொடுத்தால், அரை வட்டம் வரைக்கும் உள்ள குறுக்கு வழி என்று யந்திரம் எடுத்துக்கொள்ளும். அதே எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் சுற்று வழி. என் வளையலுக்கு ஆர்30 என்றால் குறுக்கு. ஆர்-30 என்றால் சுற்று. ஒரே ஒரு சின்னக் கோட்டில் வழியே மாறிவிடுகிறது!

"சரி, முழு வட்டம் வேணும்னா?" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க அத்தை. ஒரே ஒரு புள்ளி வெச்சு அதைத் தொடற மாதிரி வளையல வையுங்க."

வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளியைத் தொட்டுக்கொண்டு வளையலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றி வைக்கலாம், கணக்கே கிடையாது. புறப்படுகிற இடமும் சேருகிற இடமும் ஒன்றாகிவிட்டால், ரேடியஸ் மட்டும் போதாது. நடுப்புள்ளி எங்கே என்று சொல்லியே தீர வேண்டும்.

அதற்குத்தான் ஐ, ஜே என்று இரண்டு எழுத்துகள். ஐ என்பது வலம்-இடமாக, ஜே என்பது மேல்-கீழாக. பெரும்பாலான யந்திரங்களில் இவை விலாசம் இல்லை. கட்டர் இப்போது நிற்கிற இடத்திலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு தள்ளி என்ற கணக்கு. தெருவில் யாராவது வழி கேட்டால் கதவு எண் சொல்லாமல், "இங்கிருந்து வலப்பக்கம் பத்தடி" என்கிறோமே, அந்த மாதிரி. வலப்பக்கம், மேல்பக்கம் என்றால் கூட்டல். இடப்பக்கம், கீழ்ப்பக்கம் என்றால் கழித்தல்.

நான்கு மூலைகள்

மறுநாள் ஒரு டிராயிங் காட்டினாள். 80 மில்லிமீட்டருக்கு 80 மில்லிமீட்டர் சதுரத் தகடு. நான்கு மூலையும் கையைக் குத்தாமல், 10 மில்லிமீட்டர் ரேடியஸில் உருண்டு வர வேண்டும். கட்டர் இடது ஓரமாக மேலே ஏறி, எக்ஸ்0 ஒய்70 என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வரி. நடுவில் வரும் நேர்கோடுகளை விட்டுவிட்டு வளைவுகளை மட்டும் எழுதுகிறேன்:

ஜி02 எக்ஸ்10 ஒய்80 ஐ10 ஜே0
ஜி02 எக்ஸ்80 ஒய்70 ஐ0 ஜே-10
ஜி02 எக்ஸ்70 ஒய்0 ஐ-10 ஜே0
ஜி02 எக்ஸ்0 ஒய்10 ஐ0 ஜே10

பார்த்தால் தலை சுற்றுகிறதா? ஐயும் ஜேயும் மட்டும் பாருங்கள். முதல் மூலையில் நடுப்புள்ளி வலப்பக்கம் 10. இரண்டாவதில் கீழே 10. மூன்றாவதில் இடப்பக்கம் 10. நான்காவதில் மேலே 10. வலம், கீழ், இடம், மேல் என்று அழகாக ஒரு சுற்று! நான்கு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கிற கோலத்தில், ஒரு பக்கம் கை பிசகினால் உடனே கண்ணுக்குத் தெரியுமே, அதே போல இந்த வரிசையில் ஒன்று மாறியிருந்தால் அவளுக்குப் படிக்கும்போதே உறுத்துமாம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கட்டருக்கே 10 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், அதன் மையம் கோட்டின் மேலேயே போகக்கூடாது; பாதித் தடிமன், அதாவது 5 மில்லிமீட்டர், வெளியே தள்ளிப் போக வேண்டும். அப்போது மூலையில் மையம் போகிற வளைவு 10 இல்லை, 15. இதை ஜி41 அல்லது ஜி42 என்று எழுதி, கட்டரின் அளவையும் பதிந்துவிட்டால் யந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் உள்பக்க மூலையில், கட்டரை விடச் சின்ன வளைவை அது வெட்டவே முடியாது. சம்புடத்தின் மூலையில் ஒட்டியதை எடுக்கக் கட்டைவிரல் போகாது, சுண்டுவிரல்தான் போகும் இல்லையா? அதே நியாயம்தான்.

இந்தக் காலத்தில் பெரிய, சிக்கலான உருவங்களுக்கு கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தந்துவிடுகிறது. ஆனாலும் எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் யந்திரத்தின் பக்கத்தில் வேண்டும் என்கிறாள்.

இரண்டு கைப்பிடிகள்

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் 1979 முதல் 2014 வரை லேத்தில் டர்னராக இருந்தவர். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே பேசினார்.

"உருண்டையா ஒரு முனை கடையோணும்னா ரெண்டு கையும் வேலை செய்யோணும். மொதல்ல ஒரு கைப்பிடி வேகமாச் சுத்தோணும், இன்னொண்ணு தொட்டும் தொடாமலும். போகப் போக அது மெதுவா, இது வேகமா. அப்புறம் அரத்துல ராவி, ரேடியஸ் கேஜை வெச்சு, இடுக்குல வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கோணும். அந்தக் கை வர எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அதே சங்கதியத்தான் அந்தப் புள்ள ஒரு வரியில எழுதிப்போடுது" என்றார்.

அதைத்தான் யந்திரம் செய்கிறது. அவள் எழுதிய ஒரு வரியைப் படித்து, வளைவைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை "இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு" என்று தானே கணக்குப் போட்டு இரண்டு 'கைப்பிடி'களையும் சுற்றிக்கொள்கிறது.

இந்த வித்தையே வளைவைச் சமாளிப்பதற்காகப் பிறந்ததாம். 1940-களில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். அவற்றின் வளைவு கொஞ்சமும் பிசகக்கூடாது. அவரும் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளரும், வளைவின்மேல் நெருக்க நெருக்கமாகப் புள்ளிகளின் இடத்தைத் துளையட்டை யந்திரங்களில் கணக்கிட்டு, எண்ணைப் பார்த்துக் கருவியை நகர்த்தினார்கள். எண்ணை ஆள் படிப்பானேன், யந்திரமே படிக்கக்கூடாதா என்ற யோசனை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1952-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து வேலை செய்கிற மில்லிங் யந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள்.

சொன்னபடி கேட்கும் யந்திரம்

இவ்வளவும் கேட்ட பிறகு, என் மனசிலிருந்த முக்கியமான சந்தேகத்தைக் கேட்டேன். "தப்பா எழுதிட்டா யந்திரம் சொல்லாதா?"

"சிலதுக்குச் சொல்லும், சிலதுக்குச் சொல்லாதுங்க அத்தை" என்றாள்.

இரண்டாவது மூலையில் ஜே-10 என்பதற்குப் பதில் கழித்தல் குறியை விட்டு ஜே10 என்று எழுதினால் நடுப்புள்ளி தகட்டுக்கு வெளியே போய்விடும். புறப்படும் இடம் அந்த நடுப்புள்ளியிலிருந்து 10 மில்லிமீட்டரில் இருக்கும். சேரும் இடமோ 22 மில்லிமீட்டருக்கும் மேலே இருக்கும். அப்படி ஒரு வட்டம் கிடையாது. யந்திரம் அலாரம் கொடுத்து நின்றுவிடும். நல்லதாயிற்று.

ஆனால் முதல் மூலையில் ஆர்10 என்று ரேடியஸைக் கொடுத்து, ஜி02-க்குப் பதில் ஜி03 என்று எழுதினால்? அதே இரண்டு புள்ளிகள், அதே 10 மில்லிமீட்டர். நம் வளையலின் இன்னொரு வழி! கணக்குப்படி அது சரியான வளைவுதான். யந்திரம் ஒரு வார்த்தை சொல்லாது. மூலை வெளியே உருண்டு வருவதற்குப் பதில், குழந்தை கடித்த பிஸ்கோத்து மாதிரி உள்ளே குழிந்துவிடும். தகடு பழைய இரும்புக்குத்தான் போகும். சில சமயம் கட்டரும் உடையும்.

நடக்கவே முடியாததைச் சொன்னால் மறுக்கும்; நடக்கக்கூடிய தப்பைச் சொன்னால் பணிவாகச் செய்து முடித்துவிடும்! அதனால்தான் இவள் எழுதி முடித்ததும் திரையில் கோடு போகிற வழியைப் பார்க்கிறாள். பிறகு கட்டரைத் தூக்கி வைத்து, காற்றிலேயே ஒருமுறை ஓட்டுகிறாள். பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறாள். முதல் தகட்டை அளந்து பார்த்த பிறகுதான் மற்றவை.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த வேலைக்கு வேண்டியது தோள் பலம் இல்லை, தெளிந்த மனசு. ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் சமையலையும் முடித்துவிட்டு ஓடுகிற பெண்ணுக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? ஆக, எங்கள் வீட்டில் தீர்மானிக்க வேண்டியது 'போகலாமா கூடாதா' என்பது மட்டுமில்லை. போனால் அவளுக்குத் தூக்கத்தை யார் கொடுப்பது என்பதுதான்.

எங்கள் வீட்டு ஏற்பாடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "அவள் வேலைக்குப் போகட்டும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. அவளுக்கு இல்லை, நமக்கு."

முதலாவது, பகல் ஷிப்ட் மட்டும். இதை அவளே தொழிற்சாலையில் கேட்டு வாங்கினாள்.

இரண்டாவது, ராத்திரி பால் கொடுத்ததும் அவள் படுத்துவிட வேண்டும். துணி மாற்றுவதும், தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பதும் என் மகன் வேலை. காலைச் சமையல் என்னுடையது. பாத்திரம் யாருடையது என்று ஒரு நிமிஷம் எல்லோரும் விட்டத்தைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர்தான், "நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மூன்றாவது, குழந்தைக்குத் தாய்ப்பால் நிற்கக்கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சாதம், பருப்பு, மசித்த காய் என்று ஆரம்பித்தாலும், இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடர்ந்து கொடுப்பது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. காலையில் அவள் சுத்தமாக எடுத்து வைக்கிற பாலை ஃபிரிட்ஜில் வைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுகிறேன். அடுப்பில் வைத்துச் சுட வைப்பதில்லை. மிச்சம் வைத்த பாலை மறுபடி கொடுப்பதும் இல்லை.

நான்காவது, வந்ததும் வராததுமாகக் குழந்தையைத் தூக்கக்கூடாது. யந்திரத்தில் கூலன்ட் என்கிற எண்ணெய் கலந்த நீர் தெறிக்கும். துணியில் ஊசி போன்ற இரும்புப் பிசிறு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, உடை மாற்றிய பிறகுதான் பாப்பா. அந்த உடைகளையும் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கிறோம்.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று சட்டமே சொல்கிறது. இவள் இருக்கும் இடத்தில் அத்தனை பேர் இல்லை. காப்பகம் இருக்கிற இடத்தில் வேலை செய்கிற சகோதரிகள் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

முதல் வாரம் குழந்தை அழத்தான் அழுதது. பாலாடையைத் தட்டிவிட்டது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் அவள் வந்து கை கழுவுகிற அந்த ஐந்து நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு யுகமாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் குழந்தை பழகிக்கொண்டது. நானும் பழகிக்கொண்டேன்.

நாத்தனார் மட்டும் முழு மனசாக ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் சரிங்க அண்ணி, இருந்தாலும்..." என்று இன்னமும் இழுக்கிறாள். ஆனால் போன முறை வந்தபோது, மருமகள் கொண்டுவந்து காட்டிய சின்ன இரும்புத் தகடு ஒன்றைக் கையில் எடுத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "கையைக் கிழிக்கவே இல்லையே!" என்றாள். அவள் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மேலே என்ன படிக்கப் போகிறாள் என்று இப்போது அந்த வீட்டிலும் பேச்சு நடக்கிறது.

வாசகிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறாள் என்றால், போகலாமா வேண்டாமா என்று பேசுவதற்கு முன்னால், "அங்கே என்னம்மா செய்கிறாய்?" என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேளுங்கள். புரிகிற வரைக்கும் விடாதீர்கள். புரிந்துவிட்டால் அவளுக்கு எதில் உதவி வேண்டும் என்பதும் தானே தெரிந்துவிடும்.